கியர் ஏன் விழவில்லை?

பந்தயச் சைக்கிளின் பின்சக்கர அச்சில் 10 பல்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருந்தால், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறக்குறைய 3.95 மில்லிமீட்டர் தூரம். செயின் ஒரு சக்கரத்தை விட்டு அடுத்ததில் ஏற வேண்டுமானால், அதைப் பிடித்துத் தள்ளும் டிரெய்லியர் அதே அளவு பக்கவாட்டில் நகர வேண்டும். அரை மி.மீ. கூடினாலோ குறைந்தாலோ செயின் இரண்டுக்கும் நடுவே கடகடவென்று உரசிக்கொண்டே ஓடும். டிரெய்லியரை இழுப்பது 1.2 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கேபிள். ஷிமானோவின் 10 வேக ரோட் சைக்கிளில் இந்தக் கேபிள் 2.3 மி.மீ. இழுபட்டால், டிரெய்லியர் அதை ஏறக்குறைய 1.7 மடங்காக்கி ஒரு சக்கர தூரம் நகர்கிறது.

அந்த 2.3 மி.மீ.யை ஒவ்வொரு முறையும் பிசகாமல் அளந்து கொடுக்கும் இயந்திரம் ஓட்டுபவரின் உள்ளங்கைக்கு அடியில் இருக்கிறது. பிரேக் லிவரின் தலைப்பகுதியில், ரப்பர் உறைக்குள், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இடத்தில் ஸ்பிரிங்குகளும் கொக்கிகளும் பற்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. பிரேக் பிடிப்பதும் கியர் மாற்றுவதும் ஒரே லிவரில் சேர்ந்திருப்பதால் இதை ஒருங்கிணைந்த ஷிஃப்டர் என்கிறோம். பல ஆண்டுகள் ஓடிய பிறகு, அல்லது பல ஆண்டுகள் ஓடாமல் மூலையில் நின்ற பிறகு, ஒரு நாள் லிவரைத் தள்ளினால் 'க்ளிக்' என்ற ஒலி வராது. லிவர் வெறுமனே ஆடும். கியர் விழாது. பலரும் அதோடு ஷிஃப்டர் உடைந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிதுக்கு விலை கேட்கப் போய்விடுவார்கள். உள்ளே பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. எஃகு அப்படியே இருக்கும், எண்ணெய்தான் கெட்டிருக்கும். அது எப்படிக் கெடுகிறது என்று புரிந்துகொண்டால் கழுவும் முறை தானாகப் பிடிபடும்.

லிவர் கைக்கு வந்த கதை

1980களின் தொடக்கம் வரை ரோட் சைக்கிளின் கியர் லிவர்கள் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருந்தன. கியர் மாற்ற ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் கீழே நீட்ட வேண்டும். அந்த லிவரில் பல்லும் இல்லை, கொக்கியும் இல்லை. உராய்வு ஒன்றே அதை நிறுத்திவைத்தது. எவ்வளவு இழுத்தால் செயின் எங்கே போகும் என்பதை ஓட்டுபவரின் விரலும் காதும் பழகிவைத்திருக்கும். அளக்கும் வேலை மனிதனுடையது. லிவர் அதை நிறைவேற்றும் எளிய கருவி. அதில் கெட்டுப்போக ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

1984இல் ஷிமானோ தன் டியூரா-ஏஸ் 7400 வரிசையில் எஸ்ஐஎஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. லிவருக்குள் குறிப்பிட்ட இடைவெளியில் நிறுத்தங்கள் வந்தன. ஒரு க்ளிக் என்றால் ஒரு பல்சக்கரம். 1990இல் அதே டியூரா-ஏஸின் 8 வேக வடிவத்தில் இந்த அளவெடுக்கும் பொறியமைப்பு கீழ்க்குழாயிலிருந்து பிரேக் லிவருக்குள் குடியேறியது. அதுதான் எஸ்டிஐ. பின்பக்கமாக இழுத்தால் பிரேக். உள்பக்கமாகத் தள்ளினால் கியர். இத்தாலியின் கம்பக்னோலோ 1992இல் எர்கோபவர் என்ற தன் விடையைத் தந்தது: பிரேக் லிவருக்குப் பின்னால் ஒரு சிறு லிவர், பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான். அமெரிக்காவின் ஸ்ராம் 2006இல் டபுள்டேப் முறையோடு வந்தது: ஒரே சிறு லிவரைக் கொஞ்சம் தள்ளினால் ஒரு திசை, நீளத் தள்ளினால் மறுதிசை.

மூன்று நிறுவனங்களும் ஒரே பழைய கருத்தைத்தான் மூன்று விதமாக மடித்துச் சிறு பெட்டிக்குள் வைத்தன. அது பல்லும் கொக்கியும் சேர்ந்த ராட்செட். ஷிமானோவுக்கு இது புதிய விஷயமும் இல்லை. ஜப்பானின் சகாய் நகரில் 1921இல் தொடங்கிய அந்தப் பட்டறை முதலில் செய்த பொருள் சைக்கிளின் ஃப்ரீவீல். பெடலை நிறுத்தினாலும் சக்கரம் சுற்றுவதற்காக அதற்குள் இருப்பதும் பல்லும் கொக்கியும்தான்.

பல்லும் கொக்கியும்

கேபிளின் தலை ஓர் உருளையில் மாட்டியிருக்கிறது. உருளையோடு பல்வெட்டிய வட்டு ஒன்று சேர்ந்து சுற்றும். எஸ்டிஐயில் பெரிய லிவரை உள்பக்கம் தள்ளத் தொடங்கியதும், அதுவரை பற்களைத் தொடாமல் தூக்கிவைக்கப்பட்டிருந்த ஒரு கொக்கி விடுபடும். மெல்லிய ஸ்பிரிங் அதைப் பல்லின்மேல் அழுத்தும்; கொக்கி பல்லைப் பிடித்து வட்டைச் சுற்றும்; கேபிள் உருளையில் சுருளும். லிவரை விட்டதும் டிரெய்லியரின் ஸ்பிரிங் கேபிளைத் திரும்ப இழுக்கப் பார்க்கும். அப்போது இன்னொரு கொக்கி, தடுப்புக் கொக்கி, அடுத்த பல்லில் விழுந்து வட்டை நிறுத்தும். நமக்குக் கேட்கும் 'க்ளிக்' அந்த விழுகையின் ஒலி.

எதிர்த்திசைதான் தந்திரமானது. பெரிய லிவரோடு சேர்ந்திருக்கும் சின்ன லிவரை அழுத்தினால் தடுப்புக் கொக்கி விலக வேண்டும். ஆனால் ஒரே ஒரு பல் மட்டும் நழுவ வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் கேபிள் முழுவதையும் இழுத்துக்கொண்டு செயினைக் கடைசிச் சக்கரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அதனால் ஒரு கொக்கி விலகும்போதே மற்றொன்று குறுக்கே வந்து அடுத்த பல்லைத் தடுத்துக்கொள்கிறது. ஊசல் கடிகாரத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல்லை மட்டும் விடுவிக்கும் ஏற்பாடும் இதே கொள்கையில் இயங்குகிறது.

ராட்செட்டைக் கூர்ந்து யோசித்தவர்களில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒருவர். 1960களின் தொடக்கத்தில் கால்டெக்கில் நடத்திய புகழ்பெற்ற விரிவுரைகளில் ஒன்றை முழுக்கப் பல்லுக்கும் கொக்கிக்கும் ஒதுக்கினார். அதில் அவர் சுட்டிய ஒரு நுட்பம் நமக்கு இங்கே உதவும். கொக்கி பல்லில் விழுந்ததும் துள்ளாமல் அடங்க வேண்டும். முழுக்க மீள்தன்மை கொண்ட கொக்கி விழுந்து துள்ளிக்கொண்டே இருக்கும்; அது மேலே எழும்பிய நேரத்தில் சக்கரம் பின்னால் நழுவிவிடலாம். ஆகவே கொக்கியின் துள்ளலை விழுங்க ஏதோ ஒரு தடை வேண்டும். தடை மிஞ்சினாலோ, கொக்கி விழுவதே இல்லை.

ஷிஃப்டரின் நோய் இந்த இரண்டாவது வகை. கொக்கியைத் தள்ளும் ஸ்பிரிங் மிகச் சிறியது. அதன் விசையும் சிறியது. லிவர் உள்பக்கம் போய்ச் சேரும் சிறு பொழுதுக்குள் கொக்கி பல்லை எட்டியாக வேண்டும். சுற்றியுள்ள கிரீஸ் இறுகிவிட்டால் அந்த ஸ்பிரிங்குக்குக் கொக்கியை நகர்த்தும் பலம் இருக்காது. கொக்கி தூக்கிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, லிவர் பற்களுக்கு மேலே வெறுங்கையோடு போய்வரும்.

கிரீஸ் இறுகுவது எப்படி

கிரீஸ் என்பது எண்ணெயும் அதைப் பிடித்துவைக்கும் சோப்பும் சேர்ந்த கலவை. பெரும்பகுதி எண்ணெய்தான். லித்தியம் அல்லது கால்சியம் சோப்பின் நுண்ணிய இழைகள் பின்னிக்கொண்டு, பஞ்சு எண்ணெயைப் பிடித்துவைப்பதுபோல் அதைத் தாங்குகின்றன. அழுத்தம் பட்ட இடத்தில் எண்ணெய் கொஞ்சம் கசிந்து உயவுதரும். ஒழுகாது, நீரை அண்டவிடாது, கொக்கியின் துள்ளலையும் அடக்கும். தொழிற்சாலையில் ஷிஃப்டருக்குள் கிரீஸ் வைப்பதற்கு இவை நல்ல காரணங்களே.

காலம் அதை மூன்று வழிகளில் மாற்றுகிறது. முதலாவது, எண்ணெய் மெல்ல மெல்லச் சோப்பு இழைகளிலிருந்து பிரிந்து கசிந்துவிடும். இலேசான பகுதி ஆவியாகும். மிஞ்சுவது இழைகளின் அடர்த்தியான பசை. இரண்டாவது, ஆக்சிஜனேற்றம். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெய் மூலக்கூறுகளைத் தாக்கிப் பெராக்சைடுகளையும் அமிலங்களையும் உண்டாக்கும். அவை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாகிப் பிசினாகப் படியும். இதைத் தடுக்கச் சேர்த்த பொருட்கள் கிரீஸில் உண்டு, ஆனால் அவையும் செலவாகித் தீரும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலில் கைக்கணக்கு. மூன்றாவது, தூசி. சாலைப்புழுதியும் கேபிள் தேய்ந்து விழுந்த எஃகுத்துகளும் அந்தப் பசையில் சிக்கிக்கொள்ளும்.

முதல் இரண்டுக்கும் சைக்கிள் ஓட வேண்டிய தேவையே இல்லை. நின்ற இடத்திலேயே அவை நடக்கும். ஓடும் சைக்கிளிலாவது கொக்கிகள் தினமும் அசைந்து பசையைக் கலைத்துக்கொண்டிருக்கும். நின்ற சைக்கிளில் அதற்கும் வழியில்லை. பத்தாண்டுகள் பரணில் இருந்த, கீறல்கூட இல்லாத சைக்கிளின் ஷிஃப்டர் செத்துக்கிடப்பதற்குக் காரணம் இதுதான். குளிர்ந்தால் பசையின் பாகுத்தன்மை கூடும். ஆகவே விடியற்காலையில் விழாத கியர் வெயில் ஏறியதும் விழுந்தால், உலோகம் நலமாக இருக்கிறது, கிரீஸ்தான் சிக்கல் என்று துணிந்து சொல்லலாம்.

கேபிளா, கொக்கியா?

கழுவத் தொடங்குமுன் பழுது எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லிவர் தளர்வாக ஆடி, க்ளிக் ஒலியே இல்லையென்றால் கொக்கி ஒட்டியிருக்கிறது. க்ளிக் நன்றாகக் கேட்கிறது, ஆனால் செயின் சிறிய சக்கரத்துக்கு இறங்கத் தயங்குகிறது என்றால் குற்றவாளி கேபிள்.

இரண்டாவது அறிகுறிக்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. உறைக்குள் வளைந்து போகும் கேபிளின் உராய்வு, வளைவுகளின் மொத்தக் கோணத்தைப் பொறுத்து அடுக்குக்குறி விகிதத்தில் பெருகும். இதைக் கணித்துக் காட்டியவர் 18ஆம் நூற்றாண்டின் கணிதமேதை ஆய்லர். ஹேண்டில்பாரிலிருந்து பின்சக்கரம் வரை வளைவுகளைக் கூட்டினால் 270 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான உறையில் உராய்வுக் குணகம் 0.1 எனில், ஒரு முனையில் 100 பங்கு விசை கொடுத்தால் மறுமுனைக்கு 62 பங்கு போய்ச் சேரும். அழுக்கேறிக் குணகம் 0.2 ஆனால் போய்ச் சேருவது 39 பங்கு. பெரிய சக்கரத்துக்கு ஏற்றும்போது இழுப்பது நம் கை. தடை கூடினால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளிவிடுவோம், கவனிக்கக்கூட மாட்டோம். இறக்கும்போது இழுப்பது டிரெய்லியரின் ஸ்பிரிங். அதனால் கூடுதலாக முயல முடியாது. எனவே அழுக்குக் கேபிளின் நோய் எப்போதும் இறங்கும் திசையில்தான் முதலில் தலைகாட்டும். அப்படியானால் ஷிஃப்டரைத் தொட வேண்டாம். கேபிளையும் உறையையும் மாற்றினால் போதும்.

கழுவும் முறை

ஷிஃப்டரைப் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. எஸ்டிஐக்குள் சின்னஞ்சிறு பாகங்கள் ஏராளம். இறுக்கிச் சுற்றிய ஸ்பிரிங் ஒன்று துள்ளி எழுந்தால் அவற்றின் வரிசையைத் திரும்பக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. உள்பாகங்களைப் பிரிக்க வேண்டாம் என்றுதான் ஷிமானோவே சொல்கிறது. பிரிக்காமலே கழுவ வழியிருக்கிறது: கரைப்பானை உள்ளே பாய்ச்சி, லிவரை அசைத்துப் பழைய பசையை வெளியேற்ற வேண்டும்.

முதலில் செயின் மிகச் சிறிய சக்கரத்துக்கு வரும்வரை சின்ன லிவரை அழுத்துங்கள். டிரெய்லியரில் கேபிளைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, கேபிளை லிவர் பக்கமாக வெளியே தள்ளி எடுத்துவிடுங்கள். பிறகு ரப்பர் உறையைச் சுருட்டி மேலே ஏற்றுங்கள். பெட்ரோலியக் கரைப்பான் பட்டால் ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். லிவரின் மூக்கு கீழே பார்க்கும்படி சைக்கிளை நிறுத்தி, அடியில் பழைய துணியை விரியுங்கள். சக்கரங்களைக் கழற்றித் தள்ளி வையுங்கள். டிஸ்க் தகட்டிலோ பிரேக் கட்டையிலோ எண்ணெய்த்துளி பட்டால் பிரேக் பிடிக்காது.

லிவருக்கும் உடலுக்கும் இடையே தெரியும் சந்துகளில் மெல்லிய குழாய்முனையை வைத்துக் கரைப்பானை அடியுங்கள். டபிள்யூடி-40 இதற்கு ஏற்றது. 1953இல் சான் டியேகோவில் நீரை வெளியேற்றுவதற்கென உருவான அந்தத் திரவம் பழைய கிரீஸை நன்றாக இளக்கும். எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். தண்ணீரும் சோப்பும் இங்கே பயன்படா. அடித்ததும் இரண்டு லிவர்களையும் மாறிமாறித் தள்ளுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி அடித்து மறுபடி தள்ளினால், எங்கோ ஒரு கொக்கி ஒரு பல்லை அரைகுறையாகப் பிடிக்கும். சற்று நேரத்தில் எல்லாம் பிடிக்கத் தொடங்கும். துணியில் சொட்டுவது முதலில் பழுப்பாகவும் கருப்பாகவும் இருக்கும். அது தெளிவாகச் சொட்டும்வரை தொடருங்கள். க்ளிக் வந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால், இளகிய பசை கரைப்பான் ஆவியானதும் அதே இடத்தில் மீண்டும் இறுகும்.

சைக்கிள் கடைகளில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் உண்டு. கிரீஸை அது நன்றாகவே கரைக்கும். மெதுவாக ஆவியாவதால் காயவிட ஒரு நாளாவது தர வேண்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளையே கரைத்துவிடும். எதை எடுத்தாலும் காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் பீடியும் இல்லாத தூரத்தில் வேலை செய்யுங்கள்.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள லிவர்களில் பிரேக் திரவத்தின் தொட்டியும் அதே தலைக்குள் இருக்கிறது. அங்கே அழுத்தமாக அடிப்பது ரப்பர் அடைப்புகளுக்கு ஆபத்து. கரைப்பானைத் துளித்துளியாகக் கியர் பொறியமைப்பில் மட்டும் விட வேண்டும். 2009இல் டியூரா-ஏஸ் டிஐ2வோடு வந்த மின்னணு ஷிஃப்டர்களுக்கு இந்த அத்தியாயமே பொருந்தாது. அவற்றில் லிவருக்குள் இருப்பது மின்பொத்தான். டிரெய்லியரை நகர்த்துவது அதிலேயே உள்ள மோட்டார்.

எந்த எண்ணெய்?

கழுவி முடித்த ஷிஃப்டர் இரண்டு நாள் நன்றாக வேலை செய்யும். பிறகு உலர்ந்த எஃகு எஃகோடு உரசும். கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு உப்புக்காற்றும், எல்லோருக்கும் கையிலிருந்து வழியும் வியர்வையும் துருவைக் கூட்டிவரும். ஆகவே எண்ணெய் விட்டாக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வீட்டில் கைக்கெட்டுவது சமையலறை எண்ணெய். நல்லெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு லினோலிக் அமிலம். அதன் மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் ஆக்சிஜன் தாக்க வாகான இடங்கள். அங்கே தொடங்கும் கோர்ப்பு எண்ணெயைப் பிசினாக்கிவிடும். எண்ணெய் ஜாடியின் விளிம்பிலும் அடுப்படிச் சுவரிலும் ஒட்டுகிற மஞ்சள் பிசுக்கு அதுவே. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது அப்படிப் பிசினாகாது. ஆனால் 24 டிகிரிக்கு அருகில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கொக்கிகள் மறுபடி சிறைப்படும்.

தேவைப்படுவது இரட்டைப் பிணைப்பு இல்லாத, சுத்திகரித்த, மெல்லிய கனிம எண்ணெய். அது சின்ன புட்டியில் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது: தையல் மெஷின் எண்ணெய். துணியில் கறைபடாமல், ஊசியின் வேகத்துக்கு ஈடுகொடுத்து, மாதக்கணக்கில் நின்றாலும் பிசுபிசுக்காமல் இருக்கவென்றே தயாரானது. ஷிஃப்டரின் தேவையும் இவைதான். பரப்பு இழுவிசை அதைக் குறுகிய சந்துகளுக்குள் தானே இழுத்துச் செல்லும். கொக்கிகளின் அச்சிலும் பற்களிலும் சில துளிகள் விட்டு, லிவரைப் பலமுறை தள்ளி, வழிவதைத் துடைத்தால் போதும். கூடுதலாக விட்டால் புழுதிக்குத்தான் விருந்து. என்ஜின் ஆயில் இங்கே அளவுக்கு மீறிக் கனமானது. புதிதாகக் கிரீஸை அள்ளித் திணிப்பதோ பழைய நோயைத் திரும்ப அழைப்பது.

19 இழைகள்

கேபிளை எப்படியும் கழற்றிவிட்டோம்; பழையதையே திரும்ப மாட்டக்கூடாது. காரணம் வளைவு. 1.2 மி.மீ. தடிமனுள்ள ஒற்றைக் கம்பியை 20 மி.மீ. விட்டமுள்ள உருளையில் சுற்றினால், அதன் வெளிப்புறம் 6 சதவீதம் நீள வேண்டியிருக்கும். எந்த எஃகும் அதைத் தாங்கித் திரும்ப நிமிராது. அதனால்தான் கேபிளை மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்கிறார்கள். வழக்கமாக 19 இழைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.24 மி.மீ. நீட்சி 1.2 சதவீதமாகக் குறைகிறது. உயர்வலிமை எஃகுக்கு அதுவும் எல்லைக்கோட்டின்மேல் நடப்பதுதான். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அதே இடம் வளைந்து நிமிர்கிறது. உலோகம் களைத்து, இழை இழையாக அறுகிறது.

அறுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், லிவருக்குள் கேபிள் தலைக்கு அருகில். கேபிளை ஹேண்டில்பார் நாடாவுக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோகும் வடிவங்களில் உள்வளைவு இன்னும் கூர்மை. அங்கே அது சீக்கிரம் நேரும். முன்னறிகுறி ஒன்று உண்டு. நேற்றுச் சரிசெய்த கியர் இன்று பிசகுகிறது, திருத்தினால் நாளை மறுபடி பிசகுகிறது என்றால் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து கேபிள் நீள்கிறது என்று பொருள். அந்த நாளிலேயே மாற்றிவிடுங்கள். அறுந்த இழைகளோடு தொடர்ந்து கியர் மாற்றினால் அவை உருளையைச் சுற்றிப் பற்களுக்குள் புகுந்துகொள்ளும். பிறகு குறடும் பொறுமையும் கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை கேபிளை மாற்றுபவர்கள் இந்தத் துன்பத்தைப் பார்ப்பதே அரிது.

உறை வாங்கும்போதும் கவனம் வேண்டும். கியர் கேபிள் உறையில் எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். வளைத்தாலும் நீளம் மாறாது, 2.3 மி.மீ. அப்படியே போய்ச் சேரும். பிரேக் உறையில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். அது பெரும் அழுத்தத்தைத் தாங்கும். இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால், இறுக்கிப் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்துபோகலாம்.

உண்மையிலேயே தேய்ந்துபோனால்

எத்தனை முறை கழுவினாலும் திருந்தாத ஷிஃப்டரும் உண்டு. பல்லின் முனை மழுங்கியிருக்கலாம், ஸ்பிரிங் முறிந்திருக்கலாம். கம்பக்னோலோவின் பழைய எர்கோபவரில் ஜி எழுத்து வடிவில் இரண்டு சிறு ஸ்பிரிங்குகள் நிறுத்தங்களைப் பிடித்துவைக்கும். அவை தேய்வது இயல்பு என்று கருதியே உதிரியாக விற்றார்கள். பிரித்து மாற்றிப் புதிதுபோல் ஆக்கலாம். 11 வேகத்தோடு வந்த பிந்தைய வடிவத்தில் அந்த ஸ்பிரிங்குகளே இல்லை. எஸ்டிஐயில் உள்பாகம் முறிந்தால் முழு லிவரையும் மாற்றுவதே வழக்கம். இந்த முடிவுக்கு வருமுன், கழுவும் வேலையை மறுநாள் இன்னொரு முறை செய்துபாருங்கள். ஒரே இரவில் ஊறி இளகும் பசை நிறைய உண்டு.

எல்லாம் முடிந்து புதிய கேபிளும் மாட்டியபின் ஒரு சோதனை. பின்சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, பெடலைச் சுற்றிக்கொண்டே கியர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், க்ளிக்குகளை எண்ணுங்கள். 8 பல்சக்கரத்துக்கு 7, 10க்கு 9. அதேபோல் இறக்குங்கள், அதே எண் வர வேண்டும். ஏறும்போது எண் குறைந்தால் ஏதோ ஒரு கொக்கி இன்னும் தாமதமாக விழுகிறது; மறுபடி கழுவுங்கள். க்ளிக் எண்ணிக்கை சரியாக இருந்தும் இறங்கும்போது செயின் பின்தங்கினால் உறையின் வளைவுகளைப் பாருங்கள். இரு திசையிலும் எண்ணும் செயினும் ஒத்துப்போனால் ரப்பர் உறையை இறக்கிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.